பென்சில் தம்பிக்கு ஓர் அர்ச்சனை

ஏமாந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. ஆனால் தன்னை ஏமாற்றியவன் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும் என்று தேங்காய் உடைத்து அர்ச்சனை செய்தவள், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

எங்கள் வீடு திருவொற்றியூரில். வீட்டுக்காரர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறார். கன்டெய்னர் வரிசையில் வண்டி மாட்டிக்கொண்டால் எப்போது வருவார் என்பது அம்மனுக்கே தெரியாது. மகள் கவிதா அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். நான் எட்டாவதோடு நின்றவள். சமையல், சாமி, செல்போன், இவ்வளவுதான் என் நாள். அந்த செல்போனில் ஒரு நாள் விளம்பரம் வந்தது: வீட்டில் இருந்தபடியே பென்சில் பேக்கிங், மாதம் முப்பதாயிரம். உச்சியில் பிள்ளையார் படம். (பிள்ளையார் படம் போட்டுப் பொய் சொல்வார்களா என்ன?)

போன் செய்தேன். சந்தோஷ் என்று ஒரு தம்பி பேசினான். வார்த்தைக்கு வார்த்தை "அம்மா". நான் பெற்றதே பசித்தால்தான் என்னை அப்படிக் கூப்பிடும். பதிவுக் கட்டணம் எழுநூற்றைம்பது என்றான். கட்டினேன். உடனே என் படம் போட்ட அடையாள அட்டை செல்போனில் வந்து விழுந்தது. 'சீனியர் பேக்கிங் ஆபீசர்.' ஒரு பென்சிலைக்கூடத் தொடாமல் சீனியர் ஆகிவிட்டேன். கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"இன்னாமே பேசற? பென்சில் செய்றவன்கிட்ட அத்த டப்பால போட மிஷின் கீது. அத்த வுட்டுட்டு வண்டி வாடகை குடுத்து உன்கிட்ட ஏன் அனுப்பப்போறான்?"

"நான் நாலு காசு பாத்தா உனுக்குப் புடிக்காதே" என்று வைத்துவிட்டேன்.

நன்றி என்று ஒன்று இருக்கிறது அல்லவா? தம்பியையே கேட்டேன்: "வெள்ளிக்கெழம உன் பேர்ல அர்ச்சனை பண்ணப்போறேன்பா. உன் நட்சத்திரம் இன்னா?"

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. (எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். இந்தக் கேள்வி அதில் இல்லை போலிருக்கிறது.)

"ரோ... ரோகிணிம்மா."

சந்தோஷ், ரோகிணி நட்சத்திரம் என்று தெருமுனை அம்மன் கோயிலில் அர்ச்சனை ஆனது. அதோடு நின்றிருந்தால் விஷயம் என் பணத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு வாய் நிற்காது. பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் அடையாள அட்டையைக் காட்டிவிட்டேன்.

"யக்கா, மீன் கூடைய தூக்கினு வெயில்ல அலையறதுக்கு இது எவ்ளவோ தேவல. என்னியும் சேத்து வுடுக்கா."

அஞ்சலைக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரிந்த மாதிரி. நான்கே நாளில் எட்டுப் பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். மீன் விற்ற காசு, இறால் உரித்த காசு, எல்லாம் என்னை நம்பி என் கணக்கில் வந்து விழுந்தது. நானோ வரப்போகிற பென்சிலுக்காகக் கட்டிலை வெளியே தள்ளி, அறையைக் கழுவி, சுவரில் மஞ்சள் குங்குமம் வைத்து, வாசலில் மாவிலையும் கட்டிவிட்டேன். அன்றைக்கு வீடு திரும்பிய வீட்டுக்காரர், "பென்சிலுக்குக் கல்யாணமாமே?" என்று கேட்டுவிட்டு வெளியே கிடந்த கட்டிலிலேயே படுத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணிக்குள் எட்டுப் பேர் பணத்தையும் அனுப்பாவிட்டால் இடம் போய்விடும் என்றான் தம்பி. எங்கள் வீட்டில் எதையும் அம்மன் முன்னால் காட்டாமல் தொடங்கும் வழக்கம் இல்லை. எட்டுப் பேரையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அர்ச்சனை முடிந்ததும் செல்போனை அம்மனுக்குக் காட்டிவிட்டுப் பட்டனை அமுக்க வேண்டியது, அவ்வளவுதான்.

குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். எட்டுப் பெண்களுடையதையும் ஒப்பித்து முடித்தபோது தம்பியின் நட்சத்திரம் மறந்துபோனது. சரியாக அந்த நேரம் அவனே கூப்பிட்டான். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, அனுப்பிட்டீங்களா?"

"இதோப்பா. உன் நட்சத்திரம் மட்டும் சொல்லிடு, குருக்கள் நிக்கறாரு."

"மகம்மா."

குருக்கள் தட்டைத் தாழ்த்தினார். "போன வாரம் ரோகிணின்னு சொன்னேளேம்மா?"

"அது... அது எங்க அப்பாவோடதும்மா" என்றான் தம்பி ஸ்பீக்கரில்.

எனக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. பாவம், அப்பா மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்தேன். அஞ்சலைதான் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"டேய் பேமானி! வாரத்துக்கு ஒருக்கா பொறக்கறியாடா நீ?"

இணைப்பு துண்டானது. திரும்பக் கூப்பிட்டால் போன் ஸ்விட்ச் ஆஃப். இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் எட்டு வீட்டு உழைப்பை நானே அவனுக்குத் தாரை வார்த்திருப்பேன். அந்தத் தெருவில் பிறகு எந்த முகத்தோடு நடப்பேன்? அம்மன் எதிரில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

குருக்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "அர்ச்சனை யார் பேருக்கும்மா?" என்று மறுபடி கேட்டார். எட்டுப் பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் கோயில் மணி ஆடியிருக்கும்.

அன்று மாலையே அவரவர் பணத்தை அவரவர் கையில் கொடுத்தேன். என் எழுநூற்றைம்பதுக்காகப் போலீசில் புகாரும் கொடுத்தேன். ஆளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார்கள். "ரெண்டு நட்சத்திரம் தெரியும் சார்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

வேலை கொடுப்பவன் நமக்குச் சம்பளம் தருவான், நம்மிடம் வாங்க மாட்டான். எட்டாவது படித்தவளுக்கும் புரிகிற கணக்கு. எனக்குத்தான் புரியவில்லை.

போன மாதம் கவிதாவைத் தேடி மணலியிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் கூப்பிட்டார். அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன்.

"வேலைன்னு சொல்றீங்களே, உங்க நட்சத்திரம் இன்னா சார்?"

"நட்சத்திரமா? நான் கிறிஸ்டியன்மா. நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல."

"மொதல்ல எவ்ளோ கட்டணும்?"

"ஒண்ணும் வேணாம்மா. நாங்கதான் சம்பளம் தரணும்."

ஈரத்தலையோடு ஓடி வந்த கவிதா கையில் போனைக் கொடுத்தேன். "போ, நல்ல ஆளு" என்றேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வேலை கிடைத்துவிட்டது. நான் நட்சத்திரம் கேட்ட காரணத்தைக் கவிதாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட அந்தக் கம்பெனிக்காரர், முதல் நாளே "எனக்கு அர்ச்சனை ஆச்சான்னு அம்மாவைக் கேளு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாராம். ஆபீசே சிரித்ததாம். கவிதா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அர்ச்சனை ஆகிவிட்டது என்று அவரிடம் சொல்லச் சொன்னேன். நட்சத்திரம் இல்லாவிட்டால் என்ன, அம்மன் பேருக்கே செய்துவிட்டு அவரை மனதில் நினைத்துக்கொண்டேன்.