பிரியாணிச் செம்புக்கு ஒரு பாஸ்வேர்டு

இனி என் கடைக்கு நானே முதலாளி என்று 2006-ஆம் வருடத் தவக்காலத்தில் முடிவெடுத்தேன். தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை. வாடகைப் பாத்திரக் கடையில் பாதி வியாபாரம் படுத்துவிடும். சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் இந்த மாதிரி முடிவெல்லாம் வரும்.

குளச்சலில் எங்கள் கடை. கீழே கடை, மேலே வீடு. நாற்காலி, அண்டா, கரண்டி, ஜமுக்காளம் எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிரியாணிச் செம்பு. செம்பு என்றதும் தண்ணீர் மொள்ளுகிற சங்கதியை நினைத்துவிடாதீர்கள். நான் உள்ளே இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து குளிக்கலாம். அவ்வளவு பெரிய செம்பு எங்களிடம் ஒன்றுதான்.

பெயர்ப்பலகையில் இருப்பது என் பெயர், ததேயுஸ். ஆனால் வருகிறவர்கள் என்னைப் பார்த்துக் கேட்பதோ, "முதலாளி இல்லியா?" என்று. அவர்கள் தேடுவது என் மனைவி சகாயசெல்வியை. எந்தத் தேதிக்கு யார் வீட்டுக்கு எது போகிறது என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. அந்தத் தலைக்குள் அவள் அண்ணன் யேசுதாசனுக்குத் தனி அறையே உண்டு. அவன் கேட்டால் செம்பு உடனே கிளம்பிவிடும். திரும்பி வரும்போது அடிப்பிடித்த சோறும் கூடவே வரும்.

துபாயிலிருந்து திரும்பிய நான் சும்மா இருக்கவில்லை. நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், விஷுவல் பேசிக் படித்து, சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதினேன். பதிவுகள் எல்லாம் ஓர் அக்சஸ் டேட்டாபேஸ் கோப்பில் இருக்கும். ஒரு நாள், ஒரு செம்பு, ஒரு ஆள். அதே நாளுக்கு இன்னொருவரைச் சேர்க்கப் பார்த்தால் புரோகிராம் 'முடியாது' என்று சொல்லும். மச்சானின் முகத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாததை அது சொல்லும். அதற்காகத்தான் அதைப் பெற்றெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் கோப்புக்குப் பூட்டுப் போட உட்கார்ந்தேன். சகாயசெல்வி டீயோடு வந்து என் பின்னால் நின்றாள்.

"என்ன செய்யுதிய?"

"பாஸ்வேர்டு போடுதேன். இனி நான் இல்லாம ஒருத்தரும் இதத் திறக்க முடியாது."

"களவு போக அதுல என்ன இருக்கு?"

"உனக்கு அண்ணன் இருக்காருல்லா."

அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. "பாஸ்வேர்டு என்ன?"

"சொன்னா அது பாஸ்வேர்டா ஏட்டி? பாரு, நான் என்ன அடிச்சாலும் திரையில நட்சத்திரந்தான் விழும்."

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றாள்.

நான் போட்ட பாஸ்வேர்டு 'முதலாளி'. ஆங்கில எழுத்தில், ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்து அடித்தேன். சரிபார்க்க இன்னொரு முறை கேட்டது. இன்னொரு முறையும் தேடிப் பிடித்தேன். அவள் நகரவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவள். அந்தச் சான்றிதழ் பீரோவில் சேலைக்கு அடியில் கிடந்தது, நான் அதை மறந்தே போயிருந்தேன்.

சாயங்காலம் யேசுதாசன் வந்தான்.

"மச்சான், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் புது வீடு மந்திரிப்பு. பங்குச் சாமியார் ஜெபம் பண்ண வாறாவ. செம்பு வேணும்."

எனக்கு உள்ளுக்குள் பூரித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷரீஃப் காக்காவின் மகளுக்கு நிக்காஹ். செம்பு தருவதாக அவரிடம் நானே வாக்குக் கொடுத்து, கோப்பிலும் ஏற்றியிருந்தேன்.

"எங்கிட்ட கேக்காதீங்க மச்சான். கம்ப்யூட்டர்ட்ட கேப்போம்" என்று புரோகிராமை ஓட்டினேன். அது மச்சானை மறுக்கவில்லை. என்னை மறுத்தது. பாஸ்வேர்டு சரியில்லையாம்.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதேதான். கோப்புக்குப் பூட்டுப் போட்ட நான், புரோகிராமிடம் சாவியைக் கொடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

யேசுதாசன் திரையை எட்டிப் பார்த்தான். "இது உங்க கடைதானே மச்சான்? உங்களையே உள்ள விடமாட்டேங்கு?"

சகாயசெல்வி தட்டு துடைத்துக்கொண்டே சொன்னாள். "அண்ணா, நீ போ. நான் பாத்துக்கிடுதேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு நாலு மணிக்கு ஷரீஃப் காக்கா செம்பு எடுக்க வருவாவ. அதுக்குள்ள உங்க பெட்டி வாயத் திறக்கணும். இல்லேன்னா மேசைய ஒழிச்சுத் தாங்க, எனக்குத் தட்டு அடுக்க இடம் இல்ல."

பெட்டி போனால் என் முதலாளி வாழ்வும் போச்சு. சனிக்கிழமை விடிந்ததும் உட்கார்ந்தேன். டேட்டாபேஸை இணைக்கும் வரியில் 'பாஸ்வேர்டு' என்று எழுதி, சமக்குறி போட்டு, 'முதலாளி'யையும் சேர்த்து ஓட்டினேன். இந்த முறை வேறு புகார். ஏதோ ஒரு கோப்பைக் காணோமாம், அல்லது அதை வேறு யாரோ தனக்கென்று திறந்து வைத்திருக்கிறார்களாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏட்டி! இத யாரோ திறந்து வச்சிருக்காவளாம்!"

"நான் மீன் கழுவிட்டு நிக்கேன்."

"இந்த வீட்டுல என்ன விட்டா வேற யாரு இருக்கா?"

"என்னக் கேட்டா? உங்க பெட்டிதானே சொல்லுது, அதுட்டயே கேளுங்க."

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக்கினேன். ஒரு தடவை சிலுவை கூடப் போட்டுக்கொண்டேன். அதே புகார், அதே வாசகம். மதியச் சாப்பாடு ஆறிப்போனது. என் கம்ப்யூட்டர் வாத்தியார் டிஜோவுக்குப் போன் போடலாம் என்றால், அத்தனை அண்டாவுக்கு நடுவே செல்போனில் சிக்னல் இல்லை. மொட்டைமாடிக்கு ஓடினேன்.

டிஜோ பொறுமைசாலி. நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அண்ணே, வெறும் பாஸ்வேர்டுன்னு எழுதினா அது ஆளுக்கு உள்ள பாஸ்வேர்டு. நீங்க போட்டது கோப்புக்கு. வீட்டுச் சாவியக் கொண்டு பீரோவத் திறக்கப் பாக்குதிய."

"யாரோ திறந்து வச்சிருக்கதா சொல்லுதே?"

"அது சும்மா சொல்லும். ஒருத்தரும் திறக்கல. 'ஜெட் ஓலெடிபி டேட்டாபேஸ் பாஸ்வேர்டு'ன்னு முழுசா எழுதணும். அதுக்குப் பிறகுதான் சமக்குறி." ஒவ்வொரு எழுத்தாக, இடைவெளி எங்கே, முக்காற்புள்ளி எங்கே என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். மூன்றரை மணி வெயிலில் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.

கீழே வந்தபோது சகாயசெல்வி என் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே தூசி" என்று எழுந்துகொண்டாள். அவளைச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கு மனசு உருகிவிட்டது.

உள்ளங்கையைப் பார்த்து அந்த வரியைத் திருத்தி ஓட்டினேன். திறந்தது! ஷரீஃப் காக்கா வாசலில் செருப்பைக் கழற்றவும் திரையில் அட்டவணை வரவும் சரியாக இருந்தது.

"வாங்க காக்கா, வந்து பாருங்க!" என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். "ஞாயிறு. பெரிய செம்பு. பெயர்..."

பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஆங்கில எழுத்தில் இப்படி இருந்தது. 'மதியம் ஷரீஃப் காக்கா. சாயங்காலம் அண்ணன். கழுவி எடுத்துப் போறது ததேயுஸ்.'

ஒரு நாள், ஒரு செம்பு, ஒரு ஆள் என்றுதானே நான் புரோகிராம் எழுதினேன்? ஒரே கட்டத்தில் மூன்று பேரையும் ஏற்றியிருந்தாள். அதைப் பிடிக்க என் புரோகிராமில் வழியே இல்லை.

காக்கா நிதானமாகச் சொன்னார். "எங்க வீட்டுக்காரி நூர்ஜஹானுக்கு காலையிலயே உங்க வீட்டுலேர்ந்து போன் வந்துட்டு. ரெண்டு மணிக்கு பிரியாணி விளம்பி முடிச்சா பிறகு செம்பு எங்களுக்கு எதுக்கு? தாராளமா கொண்டு போங்கோ."

நான் சகாயசெல்வியைப் பார்த்தேன். "இதுக்குள்ள நீ எப்படிப் போன?"

"கோப்பு மேல ரெண்டு தட்டு தட்டினேன். பாஸ்வேர்டு கேட்டுது. அடிச்சேன்."

"பாஸ்வேர்டு உனக்கு எப்படித் தெரியும்? திரையில வெறும் நட்சத்திரம்தானே விழுந்துது?"

"நட்சத்திரத்த நீங்க பாத்திய. நான் உங்க விரலப் பாத்தேன்."

பேசிக்கொண்டே ஒரு கட்டுத் தேங்காய் நாரை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"ரெண்டு மணிக்கு காக்கா வீட்டுல நிக்கணும். அடிப்பிடிச்சது போக நல்லாத் தேய்ங்க, முதலாளி."