மச்சான் சொன்ன மூன்றாம் உலகப் போர்

அன்பும் ஆரூடமும் நிறைந்த மச்சான் பூபாலன் அவர்களுக்கு, சதுரங்கப்பட்டினத்திலிருந்து உங்கள் தங்கையைக் கட்டிய ஸ்டான்லி தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் ரூத்தும் மகள் ஜாய்ஸும் என் டூரிஸ்ட் வேனும் சுகம். ஊரப்பாக்கத்தில் நீங்களும் சரோஜா அக்காவும் சுகமாக இருக்கவும், உங்கள் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கவும் ஜெபிக்கிறோம்.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று சிரிப்பீர்கள். போனில் பேசினால் எங்கள் சின்ன வீட்டில் ஜாய்ஸ் காதில் விழுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் முழுசாகப் படிக்காமலே குடும்ப குரூப்பில் தள்ளிவிடுவது உங்கள் வழக்கம். அதனால்தான் உறை வாங்கி, கடற்கரையில் வேனை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

மச்சான், சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். மூன்றாம் உலகப் போர் வருமா, வராதா?

நியாயமாகப் பார்த்தால் இதை நான் உங்களைக் கேட்கவே கூடாது. என் கல்யாணப் பந்தியிலேயே நீங்கள் இதை அறிவித்துவிட்டீர்கள். பிரியாணி பரிமாறிய வாழை இலையில் முட்டையை ரஷ்யா என்றும், கத்திரிக்காயைச் சீனா என்றும், தயிர்ப் பச்சடியைப் பெருங்கடல் என்றும் வைத்து, "மாப்ள, இன்னும் ஆறு மாசம், கன்பார்ம்" என்று விளக்கினீர்கள். கடைசியில் ரஷ்யாவை நீங்களே தின்றுவிட்டு எழுந்தீர்கள். அப்புறம் ஜாய்ஸ் ஞானஸ்நானத்துக்கு வந்தபோதும் சொன்னீர்கள், நான் வேன் வாங்கி ஜெபம் பண்ணியபோதும் சொன்னீர்கள். ஒரு தடவை உங்கள் பேச்சை நம்பி நான் அரிசி மூட்டைகளை வாங்கி அடுக்கி, போர் வராமல் வண்டு வந்து, ரூத் அதை முறத்தில் புடைக்கும்போதெல்லாம் உங்கள் பெயரைச் சொல்லித்தான் புடைத்தாள். அப்போதும் நான் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. "உங்க அண்ணன் படிச்ச மனுசன், தேதிதான் கொஞ்சம் தப்பிடுச்சி" என்றுதான் சொன்னேன்.

அப்படிப்பட்ட நீங்கள் போனதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்?

ஜாய்ஸுக்கு ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது, இந்த மாதக் கடைசியிலேயே விமானம் என்று தெரிந்ததும் நான் முதலில் நினைத்தது உங்களைத்தான். எங்கள் சொந்தத்தில் யாருக்கும் கிடைக்காத வேலை, எனக்குத் தெரியும். என் அப்பா அடுத்தவன் வயலில் நாற்று நட்டவர். அவர் பேத்தி விமானத்தில் போகிறாள் என்றால் எனக்குப் பெருமை இல்லையா? இருக்கிறது. ஆனால் போகாதே என்று நான் சொன்னால் அப்பாவுக்கு வீண் பயம் என்பாள். போர் வரும், போகாதே என்று மாமா சொன்னால் கேட்பாள். அதற்காகத்தான் விடியற்காலையில் போய் வஞ்சிரம் வாங்கி, உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டேன். நீங்களும் வந்தீர்கள். கையில் ஒரு பெரிய பை. அதற்குள் அவளுக்கென்று ஒரு தடித்த கம்பளிக் கோட்டு! அதைப் பார்த்தும் பாராததுபோல் ஓரமாக வைத்தேன். தலைத் துண்டம் மூன்றையும் உங்கள் தட்டில் வைத்து, "மச்சான், உலகம் எப்பிடிப் போய்க்கினு கீது? அந்தப் பக்கம்லாம் சண்ட வந்துடும்போல கீதே?" என்று எடுத்துக் கொடுத்தேன். கண்ணைக்கூடச் சிமிட்டினேன். நீங்கள் முள்ளை எடுத்துக்கொண்டே, "சண்டையா? அதெல்லாம் ஒண்ணியும் வராது மாப்ள. எல்லா நாட்டுக்காரனுக்கும் பயம் கீது. புள்ள தெகிரியமா போவட்டும்" என்றீர்கள்.

இத்தனை வருஷமாக ஓயாமல் சொன்னதை, வேண்டிய அன்று ஒரே ஒரு தடவை சொல்ல உங்கள் வாய்க்கு என்ன வந்தது?

நீங்கள் கைவிட்ட பிறகு நானே இறங்கினேன். மாமல்லபுரத்தில் என் வேனில் ஏறின ஜெர்மன்காரத் தம்பதியிடம், அவர்கள் ஊர்ப் பக்கம் போர் எப்போது வரும் என்று கையாலும் பாதி ஆங்கிலத்தாலும் கேட்கப்போய், நான் ஏதோ செய்தி சொல்வதாக அவர்கள் நினைத்துப் பயந்து, கடற்கரைக் கோயிலைப் பார்க்காமலே ஓட்டலுக்குத் திரும்பிவிட்டார்கள். போன வாரம் எங்கள் பக்கத்து அணுமின் நிலையத்துக்காரர்கள் ஒத்திகைக்குச் சைரன் ஊதினார்கள். அது ஒத்திகை என்று எனக்கும் தெரியும், ஆனாலும் வீட்டுக்குள் ஓடி, "பாத்தியா ஜாய்ஸ், உள்ளூருலயே இப்பிடின்னா வெளிநாட்டுல எப்பிடிம்மா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். "ப்பா, பெரிய சண்ட வந்தா மொதல்ல எங்க போடுவான்? நம்ம பக்கத்துலதான் அணு நெலயமே கீது. அதுக்கு ஜெர்மனி பரவால்ல, நீயும் அம்மாவும் என்னோட வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒத்திகையில் விழுந்து கிடப்பதுபோல் நடிக்கிறவர்களுக்குக் கட்டுப் போடப் போய்விட்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் மச்சான். இப்போது என் நிலைமை எங்கே வந்து நிற்கிறது தெரியுமா? எங்கோ இரண்டு நாட்டுக்காரர்கள் கை குலுக்கிப் பேச்சுவார்த்தை என்று டிவியில் காட்டினால் எனக்குக் காப்பி இறங்குவதில்லை. கோயிலில் பாஸ்டர் உலக சமாதானத்துக்காக ஜெபம் பண்ணினார். சபை முழுக்க ஆமென் சொன்னது. என் வாய் மட்டும் திறக்கவில்லை. ரூத் அதைக் கவனித்துவிட்டாள். வெளியே வந்து செருப்பு மாட்டும்போதே பிடித்துக்கொண்டாள்: "இன்னாய்யா ஆளு நீ? ஊரே சமாதானம் கேக்குது, நீ மட்டும் சண்ட வரட்டும்னு ஒக்காந்துகினு கீறியா? ஊரா வூட்டுப் புள்ளைங்க சாவணும், உம் பொண்ணு வூட்டுல இருக்கணுமா?"

அவள் சொன்னது சரிதான். எனக்கு உலகம் அழிய வேண்டாம். ஜெர்மனிக்காரர்கள் மேலும் கோபம் இல்லை. சாயங்காலம் வேனை நிறுத்தும் சத்தம் கேட்டதும் "வந்துட்டியாப்பா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரல் நின்றுபோகும் என்பதுதான் என் பயம். அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால்தான் உலகப் போரைத் துணைக்குக் கூப்பிடுகிறேன்.

ஆகவே மச்சான், பெரிய மனது பண்ணி இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து, போர் வரும் என்று பழையபடி ஒரு தடவை சொல்லிவிட்டுப் போங்கள். உலகப் போர் என்றுகூட வேண்டாம், விமானம் போகிற வழியில் சின்னதாக ஒரு சண்டை என்றால் போதும். சரோஜா அக்காவுக்கு என் தோத்திரம். கர்த்தர் உங்கள் இருவரையும் உங்கள் முழங்கால்களையும் காப்பாராக.

உங்கள் தங்கை புருஷன்,
ஸ்டான்லி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இன்று காலை டிவி பார்த்திருப்பீர்கள். வழியில் எங்கோ குண்டு போட்டு, வான்வழியை மூடி, ஜாய்ஸ் போக வேண்டிய விமானத்தை ரத்து பண்ணிவிட்டார்கள். மறு தேதி தெரியாதாம். மறைப்பானேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கடைக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தேன். வேனை நிறுத்தினேன், குரல் வரவில்லை. உள்ளே போனால், கரண்ட் இல்லாத அந்த வேகாட்டில், நீங்கள் கொடுத்த கம்பளிக் கோட்டைக் கழுத்துவரை பட்டன் போட்டுக்கொண்டு கட்டின பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாள். முகமெல்லாம் வேர்வை, கண்ணீர். "ஏம்மா இந்த வெயில்ல?" என்றேன். "இங்கயாச்சும் ஒரு தபா போட்டுக்கறேன்ப்பா" என்றாள்.

மச்சான், எனக்கு இந்தப் போர் வேண்டாம். இத்தனை வருஷமாக நீங்கள் வரும் என்று சொன்னபோதெல்லாம் வரவில்லை. வராது என்று ஒரே ஒரு தடவை சொன்னீர்கள், வந்துவிட்டது. அதனால் இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷத்திலிருந்து, வரும், கண்டிப்பாக வரும் என்று கேட்கிறவர்கள் கேட்காதவர்கள் எல்லாரிடமும் சொல்லத் தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. முட்டை, கத்திரிக்காய் எல்லாம் வாங்கிவிட்டேன். அந்தக் கோட்டு அவளோடு விமானம் ஏறும்வரை நிறுத்தாதீர்கள்.