அண்ணன் நெஞ்சில் பதினோரு ஓட்டை

"ஏனுங்க, உங்க அண்ணன் நெஞ்சுல எதுக்குங்க பதினோரு ஓட்டை?"

அர்த்தனாரியின் மனைவி தேன்மொழி ஃபிளெக்ஸைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பங்காளி அண்ணன் மருதாசலம், பேத்தி காதுகுத்துக்கு வைத்த பேனர் அது. அதில் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நின்றவரை அர்த்தனாரி வெட்டி எடுத்து, அட்டையில் ஒட்டி, மரவள்ளிக் காட்டில் நட்டுச் சுட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சேலத்து கிளப்பில் தற்காப்புத் துப்பாக்கிப் போட்டி. திருடன் அட்டையைச் சுட வேண்டும். அப்பாவி அட்டையில் பட்டால் மார்க் போச்சு. அண்ணன் மீசைக்குத் திருடன் வேஷம்தான் பொருந்தியது. அர்த்தனாரி என்ன செய்வார், பாவம்!

நேரம் பாருங்கள், அன்று காலைதான் மருதாசலம் பேளுக்குறிச்சிச் சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, நாமக்கல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"பழகத்தான் சுட்டேன் புள்ள. லைசென்ஸ்கூட வேண்டாத ஏர் பிஸ்டலு."

"ஊரு நம்புமா? எல்லைக்கல்லுத் தகராறுல எட்டு வருசமா ரெண்டு பேருக்கும் பேச்சே இல்ல!"

நாற்பத்தாறு வயது வரை யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன் அர்த்தனாரி. அண்ணன் எல்லைக்கல்லைத் தள்ளி நட்டபோதும் வாயை மூடிக்கொண்டு வந்தவர். கிளப்பில் மட்டும் வேறு ஆள். 'பீப்' சத்தம் கேட்டதும் இடுப்பிலிருந்து பிஸ்டலை உருவி, சுவர் மறைவிலிருந்து எட்டிப் பார்த்து, ஆளுக்கு ரெண்டு. அந்த நாலு நொடியில் காட்டுப்பன்றி, மிளகு நோய், எல்லைக்கல், எதுவும் ஞாபகம் வராது. அந்த நிம்மதிக்காகத்தான் எழுபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிப் போய் வந்தார்.

"மொதல்ல ஓட்டையை அடைங்க," என்றாள் தேன்மொழி.

பதினோரு ஓட்டைக்கும் பிளாஸ்திரி ஒட்டினார். தயிருக்கு உறை மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி பார்த்துவிட்டாள்.

"ஐயோ சாமி! செய்வினை வெச்சதுமில்லாம மூச்சையும் அடைக்கிறீங்களா!"

அரை மணியில் தேவனூர் நாடு முழுக்க, அத்தனை மலையூருக்கும், சேதி போய்விட்டது. பயந்துபோன அர்த்தனாரி அட்டையோடு சேர்த்து ஃபிளெக்ஸைக் கொளுத்தினார். எரிந்தது சும்மா எரிந்ததா? கன்னங்கரேலென்று மலை உச்சிவரை புகை.

ஊர்க்கவுண்டர் சின்னராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "ஆளு உசுரோட இருக்கறப்பவே கொள்ளி வெச்சுட்டியேடா! கேட்டுக்க, அவனுக்கு ஏதாச்சும் ஆச்சு, இந்த ஊட்டுல ஒருத்தரும் கை நனைக்க மாட்டோம். நல்லது கெட்டது எதுக்கும் நீ வரப்படாது."

அர்த்தனாரிக்குப் புரிந்தது. அண்ணன் பிழைத்தால்தான் தனக்கு ஊர்.

"நேருல போயி உள்ளதைச் சொல்லிருங்க. மூடி மூடி வெச்சாத்தான் நாறும்," என்றாள் தேன்மொழி.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மருதாசலம் கட்டிலில் சாய்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். "பயமில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க, நாளைக்கு ஊட்டுக்குப் போலாம்," என்றாள் அவர் மனைவி கருப்பாத்தாள். அர்த்தனாரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிளாஸ்திரி முதல் புகை வரை ஒன்று விடாமல் சொன்னார்.

மருதாசலத்தின் கை பாதி வழியில் நின்றது.

"என் உருவத்தையா சுட்ட? எத்தனை ஓட்டை?"

"பதினொண்ணுங்கண்ணா."

"நெஞ்சுலயா?"

"ஒம்பது நெஞ்சுலீங்க. ரெண்டு கை தவறித் தோள்ல பட்டுருச்சு." அந்த ரெண்டை நினைத்து அர்த்தனாரிக்கு இன்னும் வருத்தம்தான்.

இட்லி தரையில் விழுந்தது. மருதாசலத்துக்கு வேர்த்துக் கொட்டியது. நர்ஸ்கள் ஓடி வந்தார்கள், டாக்டர் வந்தார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இழவு வீட்டுக்குள் அர்த்தனாரியை விட மாட்டோமென்று ஊரே மறித்து நின்றது. அவர் வாசலிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரே!

உள்ளேயிருந்து கருப்பாத்தாள் தலைவிரி கோலமாக வந்தாள். மண்ணை வாரித் தூற்றப் போகிறாளென்று எல்லாரும் ஒதுங்கினார்கள். அர்த்தனாரி அவள் காலில் விழுந்தார்.

"அண்ணி, நானே கொன்னுட்டேனுங்க!"

அவள் குனிந்து, அவர் காதோடு மட்டும் சொன்னாள்:

"எந்திரிங்க தம்பி, எட்டு வருசமா வெள்ளிக்கெழம தவறாம உங்க போட்டோவுல ஊசி குத்திட்டிருந்த மனுசனுங்க அவரு."