நூல் சுற்றிய தடி

எங்கள் ஊரில் ஒரு பிடியில் நூல் சுற்றியிருந்தால் அது உடைந்த பிடி என்று அர்த்தம். மண்வெட்டிப் பிடி வெடித்தால் நைலோன் கயிறு சுற்றுவோம். கிரிக்கெட் மட்டை வெடித்தால் சைக்கிள் ரியூப். அப்பாவின் குடைக்கு அம்மா மருந்துக்கடைப் பிளாஸ்ரரே சுற்றியிருந்தா. நல்ல பிடிக்கு மினக்கெட்டு நூல் சுற்ற எவருக்கும் விசரில்லை. இந்தப் பேருண்மையை நம்பித்தான் நான் அக்காவின் கல்யாணத்தைக் கிட்டத்தட்டக் குழப்பினேன்.

அது போர் நின்றிருந்த சமாதான காலம். ஏ-9 பாதை திறந்து, வெளிநாட்டு மாப்பிள்ளைமார் வரத் தொடங்கியிருந்தார்கள். கனகராயன்குளத்தில் எங்கள் வீட்டுக்கும் கனடாவிலிருந்து ஒருவர் தாயோடு பெண் பார்க்க வந்தார். அதற்கு முன் அக்காவுக்கு வந்த சம்பந்தங்களெல்லாம் இடப்பெயர்விலும் சாதகத்திலும் அடிபட்டுப் போயிருந்தன. இவரை அவவுக்குப் பிடித்துவிட்டது. அதை அவ வாயால் சொல்லவில்லை. குசினிக்குள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தமுறை நீ ஒண்டையும் கழட்டாமல் இரு" என்று மட்டும் சொன்னா.

(காரணம் இருந்தது. வீட்டு றேடியோ, மணிக்கூடு, தையல் மெசின் எல்லாவற்றுக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தவன் நான். றேடியோ மட்டும் பிறகு பாடினது.)

பெண்ணின் தம்பிக்கு என்ன கொடுப்பதென்று தெரியாமல் மாப்பிள்ளை தான் விளையாடும் விளையாட்டையே கொண்டுவந்திருந்தார். நீளப் பெட்டி ஒன்றைத் திறந்தார். உள்ளே இரண்டு பில்லியர்ட்ஸ் தடிகள். ஒன்றின் பிடி வழுவழுவென்ற வெறும் மரம். மற்றதன் பிடியில் கறுப்பும் வெள்ளையுமாக நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

"எது வேணுமோ எடும், தம்பி. சுத்தினதோ, சுத்தாததோ?"

நான் பில்லியர்ட்ஸ் மேசையைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்தவனில்லை. ஆனால் எதுவும் தெரியாதென்று சொல்லும் பழக்கம் அப்போது என்னிடம் இல்லை. பாவம், மனுசன் ஒரு நல்ல தடியும் வெடித்ததைக் கட்டின ஒரு தடியுமாகக் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். நல்லதை எடுத்தால் பொம்பிளை வீட்டார் பேராசைக்காரர் என்ற கதை வரும். எனவே பெருந்தன்மையோடு நூல் சுற்றியதை எடுத்தேன். அவர் முகம் ஒரு கணம் வாடியது. என் தியாகத்தைக் கண்டு நெகிழ்ந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். தான் தங்கியிருக்கும் வவுனியா விடுதியில் ஒரு மேசை இருப்பதாகச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். அன்றைக்கு இரு பகுதியும் முடிவு சொல்வதென்று பேச்சு.

அடுத்த நாளே நூலை அவிழ்த்தேன். நல்ல எண்ணம்தான். வெடிப்பு எவ்வளவு தூரமென்று பார்த்தால் கம்பி போட்டு இறுக்கலாம் அல்லவா? நூல் வந்தது, வந்துகொண்டேயிருந்தது. வெடிப்பு மட்டும் வரவில்லை. திருப்பிச் சுற்றினால், எலி விழுங்கின சாரைப்பாம்புபோல நடுவில் வீங்கியது. வளவில் நின்ற விளாமரத்துப் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்து, தாராளமாகப் பூசி, வெயிலில் காயவிட்டேன். காய்ந்த பிறகு பழையதைவிடத் திறமாக இருந்தது (என் கண்ணுக்கு).

ஞாயிறு காலை வவுனியா போகும் வழியில், ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் தடியை வாங்கி, பிடியை இறுக்கிப் பிடித்து, நீட்டிப் பார்த்தார். திருப்பித் தரும்போது கையை எடுக்கக் கொஞ்சம் பாடுபட்டார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காற்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போகச் சொன்னார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

சாப்பாடு முடிந்து மேசையைச் சுற்றி நின்றோம். மாப்பிள்ளையின் தாயார் பக்கத்துக் கதிரையில் பாயாசக் கோப்பையோடு இருந்தா. அக்கா தலை குனிந்தபடி. பெண் பார்த்த நாளிலிருந்து அவ மாப்பிள்ளை பகுதியோடு 'ஓம்', 'இல்லை' தவிர வேறெதுவும் பேசவில்லை. எனக்கோ பரீட்சைத் தாள் நனைகிற அளவுக்குக் கை வேர்க்கும். குனிந்து குறிபார்த்தபோது வேர்வை பட்டுப் பிசின் விழித்துக்கொண்டது. விரலை எடுக்க வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தேன். தடி வெள்ளைப் பந்தின் அடியில் குத்த, பந்து மேசையை விட்டெழும்பி மாமியின் பாயாசத்துக்குள் இறங்கியது.

மன்னிப்புக் கேட்க ஓடினேன். கைகூப்ப வேண்டும், வலக்கையில் தடி ஒட்டியிருக்கிறது. பாயாசம் வழியும் சேலையோடு மாமி கண்டதெல்லாம், பெண்ணின் தம்பி தடியை ஓங்கிக்கொண்டு தன்னை நோக்கி வருவதைத்தான். பின்னால் நூல் வேறு வால்போல அவிழ்ந்து வந்துகொண்டிருந்தது.

"சகுனமே சரியில்லை. இது எங்களுக்குச் சரிவராது" என்றா மாமி.

அந்த நேரம் பார்த்து அக்கா சிரித்தா. வாயைப் பொத்திப் பார்த்தா, முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, உடம்பு குலுங்கச் சிரித்தா. அம்மா கிள்ளியும் நிற்கவில்லை. கல்யாணம் இதோடு குழம்பிப்போச்சு என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாப்பிள்ளை அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். "அம்மா, இவ பெரியாக்களின்ரை கரைச்சலுக்குத்தான் ஓம் எண்டிறாவோ எண்டு பயந்துகொண்டிருந்தனான். இப்பதான் ஆளைக் கண்டிருக்கிறன். எனக்குச் சம்மதம்" என்றவர், அக்காவிடம் திரும்பி, "உமக்கு?" என்று கேட்டார்.

"ஓம்" என்றா அக்கா, சிரிப்பு அடங்காமலே. அது வேறு ஓம்.

பிறகு மாப்பிள்ளை, இனி எனக்கு அத்தான், என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், சுடுதண்ணீர் விட்டு விரல் விரலாகக் கழற்றிவிட்டார். நூல் சுற்றுவது கை வேர்ப்பவர்களுக்காம். அவருக்கும் வேர்க்குமாம். அது அவர் தினமும் விளையாடும் தடியாம். ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீர் ஆசையா எடுத்தனீர். எப்பிடிச் சொல்லிறது?"

பிசின் தடியை அவரே கொண்டுபோனார். வெறும் பிடித் தடி எனக்கு மிஞ்சியது. கல்யாணம் முடிந்து அக்காவும் கனடா போனா. மாமி இன்றைக்கும் ரொறன்ரோவில் இந்தக் கதையைச் சொல்லுறவ. அவவின் கதையில் நான் அடிக்கவே வந்தவன். அக்கா தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் முதற் கேள்வி, "தம்பி, கை காய்ஞ்சிட்டுதோ?" என்பதுதான். "இன்னும் இல்லை" என்பது என் பதில்.

பிறகு சண்டை திரும்பி வந்த வருடங்களை நீங்கள் அறிவீர்கள். வீடு, விளாமரம், அந்தத் தடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, இரண்டாயிரத்து ஒன்பதில் வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்தோம். அக்கா இதற்குள் அகப்படாமல் தூரத்தில் இருக்கிறாவே என்று நான் நன்றி சொல்லாத நாளில்லை. மாதக்கணக்காக ஒருவர் குரலை ஒருவர் கேட்கவில்லை. ஒருநாள் யாரோ தந்த கைத்தொலைபேசியில் இணைப்புக் கிடைத்தது. "நான்தான். அம்மாவும் அப்பாவும் பக்கத்திலை நிக்கினம்" என்றேன்.

"தம்பி," என்றா அக்கா, "கை காய்ஞ்சிட்டுதோ?"

"இன்னும் இல்லை, அக்கா."

அவ சிரித்தா. அத்தானைச் சம்மதம் சொல்லவைத்த அதே சிரிப்பு. தொலைபேசியை அம்மாவின் காதில் வைத்தேன்.