முதல் முத்திரையை வீசிவிடவும்

“கேன்ல என்ன?” என்று கேட்டார் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வினோஜன்.

“இப்போதைக்கு ஒண்ணும் இல்லீங்க ஐயா,” என்றான் மூக்கன். “எனக்கு ஒரு முத்திரை வேணும்.”

“என்னது?”

“சீலுங்க. நல்ல தமிழ்ல முத்திரைன்னு சொல்லணும்.”

மூக்கன் எழுத்துக் கற்றது நாற்பத்தொன்பது வயதில், முதியோர் வகுப்பில். கற்று மூன்று வருடமாகிறது. அதனால் அவனுக்குக் கிடைத்த ஒரே லாபம், இப்படி நாலு பேரைத் திருத்துகிற உரிமைதான்.

முந்தின நாள் அவனும் பெண்சாதி மீனம்மாவும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். மூக்கனுக்கு அலுப்பு. சும்மா அலுப்பு இல்லை. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போதே நின்ற நிலையில் கண் சொருகுகிற அலுப்பு. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா அதற்கு ‘சோம்பேறித்தனம்’ என்று பேர் வைத்திருந்தார். இல்லை, இது வியாதிதான் என்று ஒரு டொக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு லேசு வேலைக்கு மாறலாம். அந்த ஒரு தாளுக்காகத்தான் மூக்கன் பஸ் ஏறினான். வந்ததுதான் வந்தோம் என்று மீனம்மாவும் ஒரு நம்பர் எடுத்துக்கொண்டாள்.

டொக்டரம்மா லோஜினி இரண்டு பேரையும் ஒன்றாகவே உட்காரவைத்தாள். வெளியே நிற்கிற கூட்டத்துக்கு அதுதான் கட்டும். “தூக்கம் வருதா? லேசா இடிச்சாலும் கன்னிப்போகுதா? மேடு ஏற முடியுதா?” என்று அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் மீனம்மாவே பதில் சொன்னாள். வாயைத் திறக்கிற சிரமம்கூட இல்லாமல் தன் வியாதி வெளியே வருவது மூக்கனுக்கு நிம்மதியாக இருந்தது.

“சிறுநீரகத்துக்கு மேல தொப்பி போட்ட மாதிரி ஒரு சுரப்பி இருக்கு,” என்றாள் டொக்டரம்மா. “கவலை, பதட்டம், ஓயாத வேலைன்னா அது ஒண்ணைச் சுரக்கும். அவசரத்துக்கு அது வேணும். ஆனா எந்நேரமும் கூடுதலா சுரந்தா பிரஷர் ஏறும், தூக்கம் போகும், சதை இளைக்கும். இங்க அப்படித்தானான்னு சோதிச்சுப் பார்க்கணும். ஆய்வுகூடத்துல சொல்லுவாங்க, அதை வியாழக்கிழமை காலைல எட்டு மணிக்குக் கொண்டு வந்துருங்க. விட்டா மூணு மாசத்துக்கு இடமில்ல.”

இரண்டு சீட்டு வந்தது. முழுத்தாளை மூக்கன் எடுத்துக்கொண்டான். விட்டமின் மாத்திரைத் துண்டுச் சீட்டு மீனம்மா கைக்குப் போனது.

ஆய்வுகூடத்து வாசலில் ஒரு சிங்கள ஊழியர் முழுத்தாளைப் பார்த்துவிட்டு, ஐந்து லீட்டர் கேன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கமும் சொன்னார்.

“முத்ரா. இருபத்திநாலு மணி. மொதல் ஒண்ணு வேணாம், வீசுங்க. பொறகு எல்லாம் வேணும். ஒண்ணும் விடவேணாம். கேன்ல போடுங்க.”

பாவம், அவருக்கு உச்சரிப்பு வரவில்லை என்று நினைத்த மூக்கன், திருத்தியே கொப்பியில் எழுதிக்கொண்டான்: ‘முத்திரை. 24 மணிக்குள் எல்லாம். முதல் முத்திரையை வீசிவிடவும்.’

“எனக்கு மூத்திரம்னுல்ல கேட்டுச்சு,” என்றாள் மீனம்மா பஸ்ஸில்.

“மெதுவாப் பேசு! அஞ்சு லீட்டருக்கு நான் மனுசனா, மாடா? மழையில தாள் நனையாம இருக்கத்தான் கேனு. எழுத்துத் தெரியாட்டி இப்படித்தான்.”

மீனம்மா வெளியே பார்த்துக்கொண்டாள். வாதாட அவளுக்குத் தெம்பு இல்லை.

அப்படித்தான் இந்தப் புதன்கிழமைக் காலை, கிளாக்கரின் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

வினோஜன் ஆங்கிலத் தாளை வாங்கி, “மூக்கன்… சரி, நம்ம மூக்கன்,” என்று முதல் சொல்லோடு படிப்பை முடித்துக்கொண்டு சீலைத் தூக்கினார்.

“ஐயா, மொதலாவதை இந்த வெறுந்தாள்ல அடிங்க.”

அடித்தார். மூக்கன் அதை நாலாகக் கிழித்துக் காற்றில் விட்டான்.

“தோட்டத்துச் சீலைக் கிழிக்கிறியா!” என்று வினோஜன் போட்ட சத்தம் கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் கேட்டது.

“வீசச் சொல்லி உத்தரவுங்க…”

ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தானா கொழுந்து பறிக்கிற ராசம்மா கூடையோடு அந்தப் பக்கம் போகவேண்டும்? அவள் மலைக்குப் போய்ச் சேர்ந்தபோது செய்தியும் போய்ச் சேர்ந்தது: மூக்கன் பட்டப்பகலில், ஆபீஸ் வாசலில், யாரோ ஒருத்தியின் சீலையைக் கிழித்துவிட்டான்.

அது தெரியாமல் மூக்கன் கிராம சேவகர் ஆபீசுக்கு இறங்கினான். கொழுந்துக் கூடையை மாட்டுகிற மாதிரியே கேனைக் கயிற்றில் கட்டித் தலையில் மாட்டிக்கொண்டு, மீனம்மா பின்னால் வந்தாள். இரண்டு வளைவுக்கு ஒரு தடவை கல்லில் உட்கார்ந்தாள்.

“நோயாளி நானு. ஒக்காருறது நீயா?”

“போங்க, வாறேன்.”

கிராம சேவகர் சிங்களவர், அதனால் ஐயா அல்ல, ‘மாத்தயா’. ஆஸ்பத்திரியில் கேட்ட சொல்லையே மூக்கன் பத்திரமாக எடுத்துவிட்டான். “மாத்தயா, முத்ரா ஓன, வேணும். ரொம்ப அவசரம்.”

மாத்தயா அவனை இரக்கத்தோடு பார்த்தார். எழுந்துவந்து பின்கதவைத் திறந்து, முற்றத்து மூலையில் இருந்த ஒரு தகரக் கதவைக் காட்டினார். மூக்கன் போய்த் திறந்து பார்த்தான். உள்ளே அதிகாரி யாரும் இல்லை, கக்கூஸ்தான் இருந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று, ஒன்றுக்கு இருந்துவிட்டுத் திரும்பினான்.

“மாத்தயா… முத்ரா?”

“இன்னுமா?” என்று மாத்தயா சிங்களத்தில் திகைத்தார்.

மூக்கன் உள்ளங்கையில் கைமுட்டியால் ஓங்கிக் குத்திக் காட்டினான்.

“ஆ… சீல்!” என்று சிரித்துக்கொண்டே மாத்தயா தாளின் ஓரத்தில் ஒன்று அடித்துக் கொடுத்தார்.

அடுத்தது தபால் கந்தோர். அதற்கடுத்தது பாடசாலை. கடைசியில் பைஸர் முதலாளி கடை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு சீல். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’

“பரவாயில்லையா மூக்கன்?”

“எல்லாம் வேணுமாங்க முதலாளி. ஒண்ணையும் விடக்கூடாதாம். அடிங்க.”

தாளின் மேல்பக்கத்தில், பேர் எழுதியிருந்த இடத்திலேயே பளிச்சென்று விழுந்தது.

பொழுது சாயக் குடியிருக்கிற லயத்துக்கு வந்தால், வாசலில் தோட்டத் தலைவர் உட்கார்ந்திருந்தார். பின்னால் பாதி லயம்.

“மூக்கா, யாரு சீலையக் கிழிச்ச?”

“சீலை இல்லீங்க தலைவரே, சீலு!”

“சீலையத்தான் நானும் கேக்குறேன்.”

“துணி இல்லீங்க, தாளு!”

“தாளுல சீலை கட்டுனவ யாருடா?”

மூக்கனுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு பறையாக அடித்தது. தொப்பிச் சுரப்பி இப்போது பீலித் தண்ணீராகக் கொட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தபோது மட்டும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. சோதனைக்கு அது நல்லதுதானே.

மீனம்மாதான் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, ராசம்மாவைத் தனியே கூட்டிப்போய் விளக்கி, தலைவரைச் சிரிக்கவைத்து அனுப்பினாள். பிறகு பீலியில் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, ஒரு விட்டமினைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

போகிற போக்கில் தலைவர் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை கண்டாக்கையா விசாரணை வைக்கிறாராம். சோம்பேறி என்ற பேரோடு இப்போது கிறுக்கன் என்ற பேரும் சேர்ந்திருக்கிறதாம்.

“நாளைக்கு டொக்டரம்மா எழுதிக் கொடுத்துட்டா எல்லார் வாயும் அடைஞ்சிரும்,” என்றான் மூக்கன். “அது இல்லாட்டி என் கதை முடிஞ்சுது மீனம்மா.”

மீனம்மா “ம்” என்றாள்.

வியாழக்கிழமை காலை எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆய்வுகூடத்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். சிங்கள ஊழியர் மீனம்மாவின் கையிலிருந்த கேனை வாங்கினார். கனமில்லை. குலுக்கினார். சரசரவென்றது. மூடியைத் திறந்து உள்ளே ஒற்றைக் கண்ணால் பார்த்தார். கேனை அப்படியே அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, உள்ளே ஓடி நர்ஸ் சுதர்ஷினியைக் கூட்டிவந்தார்.

நர்ஸ் தாளை உருவி விரித்தாள். நாலு சீல். மூக்கனின் கொப்பியையும் வாங்கி வாசித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஐயா, முத்ரான்னா சிங்களத்துல மூத்திரம். ஒரு நாள் மூத்திரத்தை முழுசாப் பிடிச்சுக் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க.”

மூக்கன் மெதுவாக மீனம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.  அவள் வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கேனை மடியில் வைத்து, அதன்மேல் தலையைச் சாய்த்திருந்தாள்.

“நர்ஸம்மா,” மூக்கன் கையெடுத்துக் கும்பிட்டான். “மூணு மாசம் தள்ளிப் போட்டுறாதீங்க. நேத்து முழுக்க நான் பட்ட பாடு… என் ஒடம்பு அவ்வளவுதாங்க. இன்னைக்கே பிடிச்சு நாளைக்குக் கொண்டுவாறேன்.”

“சரி, டொக்டர்கிட்ட நான் சொல்லிப் பார்க்கிறேன். ஒங்க பேரு?”

“மூக்கன். அதுல போட்டிருக்கு பாருங்க.”

நர்ஸ் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பைஸர் முதலாளியின் சீலுக்கு அடியில் எழுத்துக் கூட்டினாள். வாங்கில் இருந்தவளை ஒரு தடவை பார்த்தாள். அதற்கப்புறம் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“இதுல ‘மூக்கன்’னு மட்டும் இல்லீங்க ஐயா, ‘மூக்கன் மீனம்மா’ன்னு இருக்கு, கேன் வந்ததிலிருந்து நோயாளி கையிலதான் இருந்திருக்கு.”