கோட்டையாரும் நான்கு வகை அரணும்

2024 நவம்பர் 7, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடம். வானம் மூடியிருந்தது. தூறல் விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கோட்டையாரின் குரல் வந்தது.

"வாத்தியாரே... நெஞ்ச அடைக்குது..."

மார்க்கையன்கோட்டை என்று ஊர்ப்பெயரில் கோட்டை இருக்கிறது. இந்த எழுபத்தொரு வயதுக்குள் நான் அங்கே பார்த்த ஒரே கோட்டை என் பக்கத்து வீடுதான். குரங்குக்குப் பயந்து கோட்டை கட்டிய ஒரே மனிதரும் உலகத்திலேயே அவராகத்தான் இருக்கவேண்டும்.

கழற்றி வைத்திருந்த பல்செட்டைக் குரங்கு ஒன்று தூக்கிக்கொண்டு போனதில் ஆரம்பித்தது எல்லாம். மறுநாள் பொக்கை வாயோடு என் வாசலுக்கு வந்தார்.

"வாத்தியாரே, கோட்டைன்னா என்னென்ன இருக்கணும்?"

பேப்பர் படிக்க விட்டால் போதும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "பகைவனை உள்ளே விடாமல் எது தடுக்கிறதோ அதற்கு அரண் என்று பெயர். நீர், நிலம், மலை, காடு, ஆக நான்கு வகை."

நான்கையும் கட்டிவிட்டார். வாசலைச் சுற்றி மூன்றடி அகலத்தில் அகழி. அதைத் தாண்டினால் நெருஞ்சி பரப்பிய வெறும் நிலம். பிறகு கருங்கல் குவியல். பிறகு கள்ளி. அதோடு விடவில்லை. நோய் விழுந்து பிடுங்கிப்போட்ட தன் திராட்சைத் தோட்டத்துப் பந்தல் கல்தூண்களையும் கம்பிகளையும் கொண்டுவந்து, முன்னும் பின்னும் கூரை மேலும் இழுத்துக் கட்டினார். முன்பக்கம் மட்டும் நாற்பத்தொரு கம்பி. விரலால் தட்டினால் ஒவ்வொன்றும் 'டங்' என்றது. மூலையில் கம்பியைப் பிடித்து நிறுத்தும் கல்லை என் செம்பருத்திப் பாத்தியில் புதைத்தார். ஒன்பது அங்குலம் என் இடம். மூன்று முறை சண்டை போட்டேன்.

"கோட்டைன்னா எல்லை விரியத்தான் செய்யும் வாத்தியாரே" என்றார்.

இப்போது அந்தக் கோட்டைக்குள் அவர் தனியாகக் கிடந்தார். கேட்டில் நான்கு பூட்டு. நான்கு சாவியும் அவர் இடுப்பில்.

நான் போன் போட்ட ஆம்புலன்ஸ் ஆறு இருபத்துநான்குக்கு வந்தது. டிரைவர் அகழியைத் தாண்டி, நெருஞ்சி குத்தி, கள்ளி கிழித்து, கட்டிங் பிளேயரோடு கம்பியை நெருங்கினார். ஒரு கம்பி அறுபட மூன்று நிமிடம் ஆயிற்று. அது சீறித் திரும்பி அவர் சட்டையை இரண்டாகக் கிழித்தது.

உள்ளேயிருந்து ஈனக் குரல்: "எவன்டா அங்கன என் கம்பிய அறுக்குறவன்?"

ஸ்ட்ரெச்சர் நுழையப் பதினோரு கம்பி போகவேண்டும். இன்னும் பத்து, முப்பது நிமிடம். சுவரில் காதை வைத்தேன். அவர் முனகல் முதலில் நிமிடத்துக்குப் பதினான்கு இருந்தது. பிறகு ஒன்பது. பிறகு ஐந்து. நான்கு வகை என்று சொன்னவன் நான்தானே? இரண்டு வகை என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அந்த நேரத்தில் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பேச்சியம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். கோட்டையார் தோட்டத்தில் இருபது வருடம் கொடிகளைக் கவாத்து வெட்டியவள்.

"ஏலே, கிறுக்குப் பயலுகளா! பந்தக் கம்பிய ஒண்ணொண்ணாவா அறுப்பாக? மூலைக்கல்லு எங்கன இருக்கு?"

"என் செம்பருத்திக்குள்ளே" என்றேன்.

"அந்தாளு கோட்டைன்னு சொல்லிக்கிட்டாரு. கட்டத் தெரிஞ்சது பந்தலு மட்டுந்தானய்யா!"

செம்பருத்தியை மிதித்துக்கொண்டு போனாள். கல்லில் சுற்றியிருந்த முறுக்கில் கடப்பாரையைக் கொடுத்து, எதிர்ப்பக்கமாக மூன்று சுற்றுச் சுற்றினாள். நாற்பது கம்பியும் ஒன்றாகத் தொய்ந்து, காயப்போட்ட சேலை மாதிரி தரையில் விழுந்தன. அகழிமேல் என் வீட்டுப் பெஞ்சைப் போட்டு, கதவை உடைத்து, அவரை வெளியே கொண்டுவந்தபோது மணி ஆறு முப்பத்தொன்பது. முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. பிடித்த கை ஐஸ் மாதிரி இருந்தது. தேனி ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நான் அந்தக் கையை விடவில்லை. வழியில் எத்தனை வேகத்தடை என்று கேட்காதீர்கள். அன்றைக்கு மட்டும் எண்ணவில்லை.

மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, முதல் காரியமாக என்னைக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, உள்ள வர்றதுக்கு எம்புட்டு நேரமாச்சு அவுகளுக்கு?"

"பதினைந்து நிமிடம்."

"அம்புட்டு நேரம் நின்னுச்சா!" பல்லில்லாத வாய் நிறையச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் மறுபடி கம்பியை இழுத்துக் கட்டத் தொடங்கிவிட்டார். நான் தடுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்று, "கோட்டையாரே, முக்கியமான ஒன்றை உங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். சுரங்கப்பாதை இல்லாமல் கோட்டை உண்டா?" என்றேன்.

கம்பியைக் கீழே போட்டுவிட்டு யோசித்தார். "அத ஏன்யா மொதல்லயே சொல்லல?"

மறுநாளே கொத்தனாரை வரவழைத்து, என் கூடத்துக்கும் அவர் அடுப்படிக்கும் நடுவிலிருந்த சுவரில் ஒரு வழி உடைத்தேன். கூலி, நிலை, வேப்பமரக் கதவு, நான்கு கீல். இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், எனக்கு ஆன செலவு மொத்தம் ஏழாயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய்.