இருபத்திரண்டு டிகிரிப் பெரும்போர்

வாழ்க அவள்! ஊசி கழற்றிய சிரிஞ்சின் வாயைத் தக்காளி இலையின் முதுகில் ஒற்றி, இலை கிழியாமல், விரல் நடுங்காமல், கோடிக்கணக்கான பகைவரை ஒரே அழுத்தில் உட்புகுத்தும் கைத்திறத்தினள். ஐந்தாண்டுகள் இலைதோறும் புள்ளி எண்ணியும் சலியாத பெருந்தவத்தினள். மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தார் ‘புள்ளிக்காரி’ என்று சூட்டிய பட்டத்தை முதலாண்டு வெறுத்து, இரண்டாமாண்டு பொறுத்து, மூன்றாமாண்டு தன் குடுவைகளின் மேல் தானே எழுதி ஒட்டிக்கொண்ட பெருந்தன்மையினள். அவள் வாழ்க, அவள் நகக்கண்களில் குடியேறிய தொட்டி மண்ணும் வாழ்க!

இத்தகைய வீராங்கனையைப் பெற்ற தாயோ, மகளின் புகழைப் பாட மறந்து, தொலைபேசியில் நாள்தோறும் ஒரே கணையைத் தொடுத்து வந்தாள்.

“இலைக்குக் காய்ச்சல் வந்தா யாருக்கு என்னடி? என்னிக்குத்தான் முடியும் இந்தப் படிப்பு?”

அன்று காலை முதன்முறையாக அதற்கு ஒரு விடை இருந்தது. “மூணே நாள்மா. அப்புறம் எழுதி முடிக்க வேண்டியதுதான்.”

அவ்விடைக்குப் பின்னே ஐந்தாண்டுகள் நின்றன. காட்டோரம் யாரும் சீந்தாமல் கிடந்த, கோலிக்குண்டு அளவே காய்க்கும் ஒரு தக்காளி இனத்திலிருந்து காவல் மரபணு ஒன்றைப் பிரித்தெடுத்து, நோய் கண்டால் நொடியில் சாயும் வீட்டுத் தக்காளிக்குள் அவள் குடிவைத்திருந்தாள். பதினாறு கன்றுகள். எட்டில் காவலன் உண்டு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மற்ற எட்டில் இல்லை. நான்கு வாரம் நிரம்பிய அவற்றின் இலைகளில் அன்று ஒன்பது மணிக்கு அவள் பாக்டீரியாவைப் புகுத்திவிட்டாள். வில்லிலிருந்து அம்பு போய்விட்டது. திரும்ப அழைக்க வழியில்லை.

ஆயினும் அக்காவலனுக்கு ஒரு குணக்கேடு இருந்தது. இருபத்திரண்டு டிகிரிக் குளிரில் அவன் புலி. முப்பதைத் தொட்டாலோ, மதிய உணவுக்குப் பிந்தைய அலுவலகம். பகைவன் கண்முன்னே கோட்டையைக் கொளுத்தினாலும் கொட்டாவி விடுவான். ஆய்வுக்கூடத்தின் ஏசியோ சென்ற கோடையிலேயே உயிர் துறந்துவிட்டது. சுவர் வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது. ஆதலால் அவள் நம்பிக்கை முழுவதும், நடைவழிக் கோடியில் உறுமிக்கொண்டு நின்ற, செடிகளை இருபத்திரண்டு டிகிரிக் குளிரில் வைத்திருக்கும் வளர்ப்பு அலமாரியில், அதிலும் அதன் மூன்று அடுக்குகளுள் நடு அடுக்கில் மட்டுமே தங்கியிருந்தது. ஏனெனில் மேலடுக்கின் விளக்குகள் அவிந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அவற்றை மாற்றக் கோரிய விண்ணப்பம் மேசை மேசையாகத் திக்விஜயம் செய்துகொண்டிருந்தது. கீழடுக்கில் குழாய் ஒழுகி, எவரும் விதைக்காத காளான்கள் செழித்திருந்தன.

தட்டை ஏந்தி, களிறேறி வரும் வேந்தென வந்தாள் புள்ளிக்காரி. கதவைத் திறந்தாள். திகைத்தாள்.

நேற்று மாலைவரை வெறுமையாய்க் கிடந்த நடு அடுக்கின்மீது, இரண்டு தட்டு வெறும் மண், பட்டத்து யானைகள் இரண்டு படுத்தாற்போல் அகன்று கிடந்தது. நடுவே நட்ட குச்சியில் கொடியெனப் பறந்தது ஒரு லேபிள்: ‘முன்பதிவு. தொடாதீர்.’

அக்கொடியை அறியாதார் அம்மாடியில் இல்லை. நுண்ணோக்கியை முன்பதிவு செய்பவர். சுழல்பொறியை முன்பதிவு செய்பவர். கூட்ட அறையின் மின்விசிறிக்கு நேர்கீழ் நாற்காலியையும் முதுகில் தன் துண்டைப் போட்டு முன்பதிவு செய்பவர். முனைவர் பட்டம் பெற்று ஒன்பதாண்டுகளாகியும் ஆண்டுக்காண்டு ஒப்பந்தத்தில் உயிர் தரித்திருக்கும் மூத்த ஆராய்ச்சியாளர். முன்பதிவு மன்னர் என மறைவில் போற்றப்படுபவர். ‘முன்பதிவு மன்னர்’ என்ற அப்பட்டத்தை வழங்கியவளே புள்ளிக்காரிதான் என்பதையும் வரலாறு மறைக்க விரும்பவில்லை.

முறைப்படி முதலில் தூது நடந்தது.

“அண்ணா, ஊசி போட்டாச்சு. வெளிய முப்பத்தொண்ணு. ஒரு தட்டை மட்டுமாவது எடுத்துக்கோங்கண்ணா.”

மன்னர் பதிவேட்டைச் செங்கோலென உயர்த்தி முழங்கினார். “நேத்து சாயங்காலமே என் பேரை எழுதிட்டேன். இருபத்தோரு நாள். ஒரு மணி நேரம் குறைச்சாலும் குறைச்சதுதான்.”

தூது முறிந்ததும், அவள் பேராசிரியையின் அறை நோக்கி விரைந்தாள். அறத்தின் இருப்பிடமாகிய அவ்வம்மையார் ஒரு காதில் போனும் மறு கையில் கோப்புமாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நடுநிலை வழுவாத அவர், இருதரப்பையும் கேளாமலே தீர்ப்பளித்தார். “ரெண்டு பேரும் படிச்சவங்க. பேசி முடிச்சுக்கோங்கம்மா. எனக்கு மீட்டிங்.”

பத்து மணி தாண்டியது. போர் என்றால் பூச்சூட வேண்டும் என்பது தமிழ் மரபு. புள்ளிக்காரி மனத்தளவில் உழிஞை சூடி அலமாரிக் கதவை முற்றுகையிட்டாள். மன்னர் நொச்சி சூடி அதன் கைப்பிடியைக் காத்து நின்றார். உண்மையில் இருவர் தலையிலும் இருந்தவை பிளாஸ்டிக் தொப்பிகள்.

இவர்கள் இவ்வாறு நிற்க, அவள் கையிலிருந்த தட்டின் இலைகளுக்குள்ளே மெய்யான போர் மூண்டிருந்தது. உயிரணுக்களின் இடுக்குகளில் வால் சுழற்றி நீந்திவந்த பகைவரின் வாலைத் தடவிப் பார்த்தே ‘வந்தான் மாற்றான்’ என்று புறமதில் காவலர் கூவினர். கூவிய வாயைக் கட்டும் வித்தை பாக்டீரியாவுக்குத் தெரியும்: தன் உடலிலிருந்து நுண்ணூசி ஒன்றை நீட்டி, மதிலைத் துளைத்து, வஞ்சகப் புரதங்களை அனுப்பி, கூவலை உள்ளேயே அமுக்கிவிட்டது. இனி எல்லாம் அந்தக் காட்டுக் காவலன் கையில். அவனோ பகைவனைத் தேடி அலைபவன் அல்லன். ஏழை ஊழியப் புரதமொன்றின் தோளில் கைவைத்தபடி சும்மா இருப்பவன். வஞ்சகன் வந்து அவ்வூழியனை வெட்டினால், தோளில் வைத்த கை வெறுமையானால், அப்போது விழிப்பான். தன்போன்றோரைக் கூட்டி வளையமாக நின்று, தான் வாழும் உயிரணுவின் சவ்வையே துளைத்து, பகைவனோடு தானும் மடிவான். செத்த அணுக்கள் ஒரு காய்ந்த புள்ளியாகும். புள்ளிக்கு அப்பால் இலை பிழைக்கும். அதற்கு அவன் எவரிடமும் ஒப்புதல் கேட்பதில்லை, மீட்டிங்கும் போடுவதில்லை. குளிர் ஒன்றையே கேட்கிறான்.

அதைத்தான் எவரும் கொடுக்கவில்லை.

பத்தே முக்கால் ஆயிற்று. ஒரு கன்றின் நுனி இலை வெக்கையில் துவண்டதை அவள் கண்டாள். கண்டதும், ஐந்தாண்டுப் பொறுமை அணையுடைத்த வெள்ளமாயிற்று. தன் தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, மன்னரின் கைக்கடியில் புகுந்து, கதவை விரியத் திறந்து, மண் தட்டின் ஒரு முனையைப் பற்றி இழுத்தாள். மறுமுனையைப் பற்றினார் மன்னர். அவள் இழுக்க, அவர் இழுக்க, மூக்குக்கண்ணாடிகள் நழுவ, ரப்பர் செருப்புகள் கிறீச்சிட, பிளாஸ்டிக் தட்டு வில்லாய் வளைந்து, வளைந்தது தாளாமல் எகிறி, மண் முழுவதும் இருவர் காலிலும் மாரியெனப் பொழிந்தது.

அவள் குனிந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் குனிந்தாள். ஆனால் விரல்கள் பழக்கத்தால் மண்ணை அளைந்தன. மீண்டும் அளைந்தன.

“அண்ணா, இதுல விதையே இல்லையே.”

இரண்டாம் தட்டை அவளே இறக்கிக் கிளறினாள். அதிலும் இல்லை.

“விதை இன்னும் வரல,” என்றார் அவர், மண்ணைப் பார்த்தபடி. “ரெண்டு மாசமா இதோ வரும், அதோ வரும்னு சொல்றாங்க.”

“அப்ப வெறும் மண்ணுக்கு எதுக்குண்ணா இருபத்திரண்டு டிகிரி?”

“அடுத்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும். யாராவது வந்து எட்டிப் பாத்தா, என் பேர்ல எதுவும் ஓடலன்னு தெரிஞ்சிரும். அடுக்கு காலின்னா, ஆளும் காலின்னு எழுதிருவாங்க. இதை வீட்டுல இன்னும் சொல்லல.”

முன்பதிவு மன்னர் என்று அவள் பெயர் வைத்த நாளில் மாடியே சிரித்தது. அச்சிரிப்பு இப்போது அவளை முள்ளாய்க் குத்தியது. பதினாறு கன்றுகளையும் தூக்கி நடு அடுக்கில் வைத்தாள். கீழே விழுந்திருந்த குச்சியை எடுத்துத் துடைத்து, லேபிளோடு தன் தட்டின் முன்னே நட்டாள்.

“அடுக்கு உங்க பேர்லயே இருக்கட்டும்ணா. செடி மட்டும் என்னோடது.”

கதவு மூடியது. அலமாரியின் வெப்பமானி மெல்ல இறங்கி இருபத்திரண்டில் நின்றது. இருவரும் துடைப்பம் எடுத்து மண்ணைக் கூட்டினர்.

மறுநாள் பிற்பகல், காவலன் குடியிருந்த எட்டுக் கன்றுகளிலும், ஊசி பட்ட இடத்தில் மட்டும், பழுப்பாய், காய்ந்து, வரம்பு கட்டினாற்போல் புள்ளிகள் தோன்றின. அவன் விழித்திருந்தான், தான் மடிந்து இலையைக் காத்திருந்தான். மூன்றாம் நாள், காவலனற்ற எட்டும் நீர்கோத்து, மஞ்சளித்து, அழுகித் தொங்கின. எட்டுக்கு எட்டு. கூப்பிய கையோடு அலமாரியின் முன் நின்ற புள்ளிக்காரிக்குக் கண் நிறைந்தது. அருகில் நின்ற மன்னர், பதிவேட்டால் அவளுக்கு விசிறினார்.

வாகை சூடவேண்டிய அந்நொடியில் பேராசிரியை வந்தார், விருந்தினர் இருவர் புடைசூழ. கன்றுகளைக் கண்டார், லேபிளைப் படித்தார், முகம் மலர்ந்து மன்னரின் பக்கம் திரும்பினார்.

“பாத்தீங்களா, இவர்தான் நான் சொன்னவர். சத்தமில்லாம எவ்வளவு பெரிய வேலை பண்ணியிருக்கார்! இந்த வருஷம் ஒப்பந்தத்தைப் பத்திக் கவலையே வேண்டாம்.”

அலமாரி உறுமியது. ஒரு தலையசைப்பு போதும். ஓராண்டுச் சோறு அதில் இருந்தது. மன்னர் விருந்தினரைப் பார்த்தார், லேபிளைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

“செடி அவளோடது மேடம். என்னோடது வெறும் மண்ணுதான்.”

சொல்லிவிட்டு, வியர்த்த உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். பேராசிரியை ஒரு கணம் இருவரையும் மாறிமாறி நோக்கினார். பின் குனிந்து, ஐந்தாண்டுத் தவத்தின் கனியாகிய, காட்டின் வீரத்தை வீட்டுத் தக்காளிக்குள் நிறுவிய, தன்னை எரித்துக் குலம் காத்த அந்த எட்டுக் கன்றுகளின் மாண்புமிகு புள்ளிகளைக் கண்ணாடியை உயர்த்தி ஒவ்வொன்றாய் உற்றுப்பார்த்து, நிமிர்ந்து, அருள்வாக்கு உரைத்தார்.

“ரொம்ப அழகா வந்திருக்கும்மா. இன்னும் ரெண்டு தடவை முதல்லேர்ந்து பண்ணிரு. மூணு தடவையும் வந்தாத்தான் எழுத முடியும்.”

புள்ளிக்காரி போய் மண் மூட்டையைப் பிரித்தாள்.